களைப்பும் கலக்கமும் உள்ளோர் உடற்பயிற்சி செய்யும் முறை

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். விழாக் குழுவினரும் முதலில் அவ்வாறே எண்ணினர். ஆயினும் நம் இரவுப் படிப்பகத்தில் இன்று அமர்ந்து படிக்கும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் காவலர் தேர்வுக்கும் குரூப் 4 தேர்வுக்கும் ஆயத்தம் செய்பவர்கள். பகலில் கூலி வேலை, இரவில் படிப்பு, விடியுமுன் ஓட்டம் என்று அவர்களுடைய காலம் கழிகிறது. அவர்களிடம் களைப்பு இருக்கிறது. அதனினும் மிகுதியாக அச்சம் இருக்கிறது. ஒரு குடும்பம் முழுவதும் ஒருவனுடைய தேர்வு முடிவை நோக்கி நிற்கும்போது அவன் நெஞ்சு படபடக்காமல் வேறென்ன செய்யும்?

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததொன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். செங்கல் சூளையில் வேலை பார்த்துக்கொண்டே படித்த நம் மாணவன் ஒருவன் எழுத்துத் தேர்வில் வெற்றி பெற்று, உடல்திறன் தேர்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு மாலை எங்களிடம் வந்து, "ஐயா, படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உறக்கம் வரவில்லை, காலையில் எழுந்தால் கால் கனக்கிறது" என்றான். படிப்பகத்தில் இருந்த ஆசிரியர்களாகிய நாங்கள் மூவரும் ஒரே குரலில் என்ன சொன்னோம்? "இன்னும் இரண்டு சுற்றுக் கூடுதலாக ஓடு, பயம் பறந்துவிடும்" என்றோம். அவனும் ஓடினான். நான்காம் நாள் மூன்றாவது சுற்றில் கண் இருண்டு விழுந்தான்.

அரசு மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் அவனிடம் மூன்று கேள்விகள் கேட்டார். கடைசியாக எப்போது உண்டாய்? இரவில் எத்தனை மணி நேரம் உறங்கினாய்? அண்மையில் காய்ச்சல் கண்டதுண்டா? முந்திய நாள் மதியம் உண்டதற்குப் பின் தேநீர் மட்டுமே குடித்திருக்கிறான். உறக்கம் நான்கு மணி நேரம். காய்ச்சல் கண்டு பத்து நாள்கூட ஆகவில்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9 கிராம் என்று வந்தது. ஆடவர்க்கு அது 13 கிராமுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அம்மூன்று கேள்விகளுள் ஒன்றையேனும் நாங்கள் கேட்டோமில்லை. எங்கள் பட்டங்கள் அன்று எதற்கும் உதவவில்லை. அவன் பிழைத்தான், அவ்வாண்டு வாய்ப்பை இழந்தான். இன்று காலை இப்பந்தலில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவர்களுள் அவனும் ஒருவன். தன் பெயரைச் சொல்ல வேண்டா என்று கேட்டுக்கொண்டான்.

எல்லோரும் அவ்வாறு பிழைத்துவிடுவதில்லை. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கலால் காவலர் தேர்வு தொடங்கியது. ஆடவர் 10 கிலோமீட்டர் தொலைவை 60 நிமிடங்களில் ஓடுதல் வேண்டும் என்று விதித்திருந்தனர். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் மாண்ட பின்னரே தேர்வு சில நாள் நிறுத்திவைக்கப்பட்டது. காலை 9 மணிக்கு மேல் ஓட்டம் கூடாது என்று அறிவிக்கப்பட்டது. நம் மாநிலத்துக் காவலர் தேர்வில் தொலைவு குறைவுதான்: ஆடவர்க்கு 7 நிமிடங்களில் 1500 மீட்டர், மகளிர்க்கு 2 நிமிடம் 30 விநாடிகளில் 400 மீட்டர். ஆனால் இரத்தம் குறைந்த உடலுக்கு அதுவும் பெருந்தொலைவே.

இளைஞர்களே, களைப்பை நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். சோம்பேறி என்று சொல்லிவிடுவார்களோ என்னும் நாணமே காரணம். அந்தச் சொல்லின் வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் வயலில் இறங்கி, பொழுது சாய்ந்தபின் கரையேறிய நம் பாட்டன்மாரைப் பார்த்து, வரப்பில் குடை பிடித்து நின்றவர் சொன்ன சொல் அது. அச்சொல்லை நம் பிள்ளைகள்மீது நாமே எறிவது முறையாகுமா? பெற்றோர் சிலரும், ஆசிரியர் பலரும் இதனைச் செய்கிறோம்.

களைப்பு ஒரே வகையினதன்று. நாள் முழுதும் புத்தகத்தின்முன் அமர்ந்து கவலையில் மூழ்கியிருந்தவனுக்கு வரும் களைப்பு ஒன்று. பத்து நிமிடம் நடந்து வந்தால் அது குறையும், தலை தெளியும், இரவில் உறக்கமும் கூடும். இவனுக்கு உடற்பயிற்சியே நல்ல மருந்து. இரத்தசோகை, தைராய்டுக் குறைபாடு, நீரிழிவு, காசநோய், தீராத உறக்கமின்மை ஆகியவற்றால் வரும் களைப்பு மற்றொன்று. இதில் நடக்க நடக்கச் சோர்வு ஏறும்; சிலர்க்குக் கொடிய காய்ச்சலுக்குப் பின் மறுநாள்தான் அது இரட்டிப்பாகத் தெரியும். இவன் பயிற்சியைக் கூட்டினால் உடல் கெடும். ஆகவே முதலில் பத்து நிமிடம் மெல்ல நடந்து பாருங்கள். அன்று மாலையும் மறுநாளும் உடல் எவ்வாறு இருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு வாரமாகியும் களைப்பு நீங்காவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்குக் கட்டணம் இல்லை. காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. சில வகைக் காய்ச்சல்கள் இதயத் தசையைத் தாக்கக்கூடியவை. காய்ச்சல் விட்ட பின்னரும் நடையிலிருந்தே மீண்டும் தொடங்குதல் வேண்டும்.

இனி, நெஞ்சுப் படபடப்பு. அச்சம் வரும்போது இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஓடும்போதும் இவையே நிகழ்கின்றன. உள்ளம் கலங்கியிருப்பவன் ஓடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்கிறான். இதயம் நின்றுவிடும் என்று அஞ்சுகிறான். அந்த அச்சமே துடிப்பை மேலும் கூட்டுகிறது. அவ்வேளையில் திடீரென்று நிற்றல் வேண்டா. ஓட்டத்தைக் குறைத்து நடைக்கு வந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குக. சில நிமிடங்களில் துடிப்புத் தணிந்து, வலியும் இல்லாதிருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டுவதில்லை. நாளடைவில் இத்துடிப்பு உடலுக்குப் பழகிப்போகும், கவலையும் குறையும். ஆனால் மார்பை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, ஓடும்போதே மயக்கம், ஓய்வில் இருக்கும்போதும் மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் ஒரு கணமும் தாழ்த்தாது 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குச் செல்க. இளவயதில் திடீரென்று மாண்டவர் குடும்பத்தில் எவரேனும் இருப்பின், பயிற்சி தொடங்குமுன்பே அதனை மருத்துவரிடம் சொல்லிவிடுதல் வேண்டும்.

பயிற்சி முறை எளிது, பொறுமைதான் அரிது. காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு முதலில் வருவதால், முடிவு வெளிவந்த பிறகே நம் பிள்ளைகள் ஓடத் தொடங்குகிறார்கள். சில வாரங்களில் எல்லாவற்றையும் பிடித்துவிட வேண்டும் என்று உடலைப் போட்டு வருத்துகிறார்கள். விண்ணப்பம் போட்ட அன்றே நடக்கத் தொடங்குங்கள். அடுத்து ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அருகில் ஓடுபவனோடு பேச முடிகிற வேகமே தொடக்கத்திற்கு உரிய வேகம். பேச்சுத் தடைப்பட்டால் வேகம் மிகுதி என்று கொள்க. வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு வேண்டும். 7 நிமிடங்களில் 1500 மீட்டர் என்றால் 400 மீட்டர்ச் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. இக்கணக்கை மூன்று மாதத்தில் எட்டினால் போதும். மூன்று நாளில் எட்ட வேண்டா. தண்டால், பஸ்கி முதலியனவும் அவ்வாறே. தேர்வு வேண்டாதவர்க்கு நாளொன்றுக்கு அரை மணி நடை, வாரத்தில் ஐந்து நாள் போதுமானது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த குறைந்த அளவும் வாரத்திற்கு 150 நிமிடமே. இரவுப் படிப்பை முடித்துவிட்டு நள்ளிரவில் ஓடுவதைப் பலர் வழக்கமாகக் கொண்டுள்ளனர். உறக்கத்தைக் கெடுத்துச் செய்யும் பயிற்சியால் பயனில்லை.

வெறும் வயிற்றில் தேநீர் குடித்துவிட்டு ஓடாதீர்கள். உப்பிட்ட நீராகாரமோ ஒரு வாழைப்பழமோ போதும். உணவோடு தேநீர் பருகினால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். கீரையில் உள்ள இரும்பைவிட இறைச்சியில் உள்ளது எளிதில் சேரும். (மாட்டிறைச்சி என்றால் குரலைத் தாழ்த்தும் இளைஞர்கள் நம்மிடையேயும் இப்போது தோன்றியிருக்கிறார்கள். நம் பாட்டிமார் அதனைக் கொண்டுதான் நம்மை வளர்த்தார்கள்.) ஓட்டத்திற்கு முன் வலி மாத்திரை விழுங்குவதும், கடைக்காரர் தரும் பவுடரைக் கரைத்துக் குடிப்பதும் அறவே கூடா. நீர் வற்றிய உடலில் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு, நம் மாநிலத்தில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தசோகை உண்டு என்று கூறுகிறது. பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற மாத்திரையைச் சன்னல் வழியே எறிந்துவிடும் மாணவிகளை நாங்கள் அறிவோம். வயிற்றைப் புரட்டுகிறது என்பார்கள். உண்ட பின் விழுங்கினால் அத்தொல்லை குறையும். அவர்களுக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. விளையாட்டுத் திடல் ஊர்ப் பக்கம் இருக்கிறது. காலனிப் பெண் அங்கே ஓடினால் எழும் பேச்சை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். ஏரிக்கரையிலோ இருட்டு, துணையும் இல்லை. அவர்களுடைய அச்சத்தை மனத்தின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. மூச்சுப் பயிற்சி அதனைப் போக்காது. உடன் நான்கு பேர் ஓடினால் குறையும்.

பாபாசாகேப் அம்பேத்கர் உறக்கத்தையும் மறந்து படித்தார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவர் நீரிழிவால் நலிந்து, கால்களில் நரம்பு வலியோடும் உறக்கமின்மையோடும் போராடி, இன்சுலின் ஏற்றிக்கொண்டு பணிபுரிந்தார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தபோது அவருக்கு அகவை 65. இன்னும் பத்தாண்டு இருந்திருக்கலாகாதா என்று ஏங்காத வீடு நம்முள் உண்டோ? அவர் படித்ததைப் பின்பற்றுவோம். அவர் உடல் பட்ட பாட்டைப் பின்பற்ற வேண்டுவதில்லை.

உறக்கமின்மையும் கலக்கமும் பல வாரம் நீடித்தால், வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் ஒரு முறையேனும் எழுந்தால், 14416 என்னும் எண்ணிற்குப் பேசுங்கள். நடுவண் அரசு 2022இல் தொடங்கிய மனநல உதவி எண் அது, எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. எங்களிடமும் வரலாம். இம்முறை மூன்று கேள்விகளையும் கேட்போம்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. வரும் திங்கள் முதல் எங்கள் பள்ளித் திடல் காலை ஐந்தரை மணி முதல் ஏழு மணி வரை திறந்திருக்கும். முதல் முக்கால் மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கு உரியது. சங்கத்தின் மகளிர் குழுவினர் இருவர் நாள்தோறும் உடனிருப்பதாக ஒப்புக்கொண்டுள்ளனர். குடிநீர்க் குழாய் மேற்கு மூலையில் இருக்கிறது. திடலின் சாவி பள்ளிக் காவலரிடம் உண்டு. பெயரைப் பதிந்துவிட்டு உள்ளே வருக.