ஒளி முந்தும், ஒலி பிந்தும்

இரவு வானத்தை அண்ணாந்து பார்க்கும்போது, விண்மீன் ஒன்று பெயர்ந்து விழுவதுபோல ஓர் ஒளிக்கீற்று ஓடி மறைவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். எரிவெள்ளி எனப்படும் அது விண்மீனன்று. பெரும்பாலும் மணற்பருக்கையளவான ஒரு துணிக்கையே. அத்துணிக்கை பெரும் பாறையாக இருப்பின் யாது நிகழும்? இவ்வினாவுக்கு இயற்கையே விடையளித்த நாள் ஒன்றுண்டு.

2013ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள். ருஷியாவில் ஊரல் மலைகளை அடுத்துள்ள செல்யாபின்ஸ்க் நகரில், பனிக்காலத்துக் காலை மணி ஒன்பதேகாலைக் கடந்திருந்தது. அவ்வேளையில் வானிலே தீக்கோளமொன்று தோன்றி, ஞாயிற்றினும் மிக்க ஒளி வீசி, நீண்ட புகைத்தடத்தை விட்டுச் சென்றது. ஏறத்தாழ 20 மீற்றர் குறுக்களவுள்ள கல் அது; செக்கனுக்கு 19 கிலோமீற்றர் வேகத்தில் வந்தது. இத்தகைய வேகத்தில், முன்னாலுள்ள காற்று விலக அவகாசமின்றி நெருக்குண்டு, வெப்பமேறி ஒளிர்கின்றது. கல்லின் மேற்புறமும் உருகி ஆவியாகின்றது. அந்நெருக்குதலைத் தாங்காது, ஏறக்குறைய 30 கிலோமீற்றர் உயரத்திலே கல் வெடித்துச் சிதறியது. அப்போது வெளிப்பட்ட ஆற்றல், ஹிரோஷிமாவில் வெடித்த அணுகுண்டின் ஆற்றலைப் போல் ஏறத்தாழ 30 மடங்காகும்.

இனி நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்திக்கு வருவோம். ஒளி கண்ணைப் பறித்தது. ஓசையோ உடனே எழவில்லை. அதிசயத்தைக் காண மக்கள் யன்னல்களை நாடி ஓடினர். ஒளி நம்மைக் கணப்பொழுதில் வந்தடைகின்றது. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்கவே ஏறத்தாழ 3 செக்கன் வேண்டும். இரண்டு நிமிடங்களுக்கு மேல் கழிந்தபின், அதிர்ச்சியலை நகரை வந்து அறைந்தது. ஆயிரக்கணக்கான கட்டடங்கள் சேதமுற்றன. ஏறக்குறைய 1,500 பேர் சிகிச்சை நாடினர். அவர்களுட் பெரும்பாலோரைக் காயப்படுத்தியவை உடைந்து தெறித்த கண்ணாடித் துண்டுகளே.

அந்நகரப் பாடசாலையொன்றில், ஒளியைக் கண்ட ஆசிரியை ஒருவர், தம் வகுப்பிலிருந்த 44 பிள்ளைகளையும் மேசைகளுக்கு அடியிற் பதுங்குமாறு பணித்தார். கண்ணாடி சிதறி அவருடைய கையை வெட்டியது. பிள்ளைகளுள் ஒருவருக்கேனும் காயமில்லை.

இக்கல்லின் வரவை வானியலறிஞர் முன்கூட்டி அறியவில்லை. அது ஞாயிறு இருக்கும் திசையிலிருந்து வந்தமையால், தொலைநோக்கிகளின் பார்வைக்கு அகப்படவில்லை. வந்தபின்னரோ, வீதியிலோடிய மோட்டார் வண்டிகளிற் பொருத்தப்பட்டிருந்த கமராக்கள் பதிந்த படங்களைக் கொண்டே அதன் பாதையைக் கணித்தனர். செபர்குல் என்னும் ஏரியின் பனிக்கட்டியைத் துளைத்து வீழ்ந்த பெருந்துண்டொன்று, அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியே எடுக்கப்பட்டது.

ஆகவே நேயர்களே, என்றேனும் வானம் திடீரெனப் பேரொளி வீசுமாயின், யன்னலை விட்டு விலகுங்கள், பிள்ளைகளையும் விலக்குங்கள். சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். பின்னர், கண்ட நேரத்தையும் திசையையும் ஒளி நீடித்த கால அளவையும் தாளிற் குறித்து வையுங்கள். பலர் பல இடங்களிலிருந்து குறித்தவை ஒன்றுசேரும்போது, கல் வந்த வழியை அறிஞர் கண்டறிவர்.