அறுந்த நரம்பு வளருமா?



மரம் சீவும் கத்தி மணிக்கட்டில் பட்டு நரம்பு அறுந்தால், "இனிமே விரல் அவ்வளவுதான்" என்று மனம் உடைந்துவிடாதீர்கள். 1850-இல் வாலர் என்ற ஆங்கில அறிஞர் தவளையின் நாக்கு நரம்பை அறுத்துப் பார்த்தார். வெட்டுக்கு அப்பால் உள்ள இழை சிதைந்தது. நமக்கும் அப்படித்தான். ஆனால் இழையைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் பாதை போட்டுக் காத்திருக்கும். அந்தப் பாதையில் புது இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். விரல்நுனியை எட்ட ஆறேழு மாதம் ஆகும்.

அறுந்த முனைகள் விலகிக் கிடந்தால் இழை வழி தவறிவிடும். நாள் கடந்தால் தசையும் சூம்பிவிடும். ஆகவே மஞ்சளைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீங்க! உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தைத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி வரும்வரை அந்த விரலில் அடுப்புச் சூடு படாமல் காத்துக்கொள்ளுங்கள். முழுவதும் பழையபடி வராவிட்டாலும், பெரும்பகுதி திரும்பலாம். பொறுமை வேண்டும்.