தோணியை இழுத்த தலைவர்

1776 ஆம் ஆண்டை அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் ஆண்டென்றே நம் மாணவர் மனத்திற் கொள்வர். அப்பலாச்சிய மலைப்புறத்தில் வாழ்ந்த செரோக்கி மக்களுக்கோ அஃது ஊர்கள் தீக்கிரையான ஆண்டாகும்.

அந்த அவலத்தின் வித்து முந்திய ஆண்டிலேயே ஊன்றப்பட்டுவிட்டது. மலைகளுக்கு மேற்கே வெள்ளையர் குடியேறலாகாது, பழங்குடியினரிடம் தனியார் நிலம் வாங்கலாகாது என்று பிரித்தானிய மன்னர் 1763 இல் ஆணையிட்டிருந்தார். ஆணை ஏட்டளவில் நின்றது. 1775 மார்ச்சில் வட்டோகா ஆற்றங்கரையிலே, வட கரோலினாவின் முன்னாள் நீதிபதி றிச்சட் ஹென்டர்சன் ஏறக்குறைய 2 கோடி ஏக்கர் நிலத்துக்கு விலை பேசினார். நீதிபதியாயிருந்தவர் சட்டம் அறியாதவரல்லர் என்பதைக் கவனியுங்கள்! விலையின் பெரும்பகுதி பண்டங்களாகவே கொடுக்கப்பட்டது. தம் பங்காக ஒரு சட்டையே கிடைத்ததென்று வீரர் ஒருவர் குறைப்பட்டாராம்.

முதிய தலைவர் அட்டகுல்லாகுல்லா விற்பனைக்கு இசைந்தார். 1730 இல் இலண்டன் சென்று வந்தவர் அவர்; வெள்ளையரின் வலிமையை நேரிற் கண்டவர். அவருடைய மகனோ அதனை எதிர்த்துச் சினந்து நின்றார். 'தோணியை இழுப்பவர்' எனப் பொருள்படும் சியு கன்சினி என்பது அவர் பெயர். சிறுவயதில், தோணியைச் சுமக்க வல்லையாயின் போருக்கு வரலாமெனத் தந்தை கூற, சுமக்க இயலாமல் இழுத்தே சென்றாரென்பது மரபுக் கதை. நிலம் கொடுக்கக் கொடுக்க வெள்ளையரின் பசி வளருமேயன்றித் தணியாதென்பது அவர் வாதம்.

1776 கோடையில் அவர் குடியேற்றங்களைத் தாக்கிக் காயமுற்றார். தாக்குதல் வருமென்று குடியேறியோருக்கு முன்னரே செய்தி அனுப்பியவர், அவருடைய உறவினரும் செரோக்கியரின் பெருமதிப்புக்குரியவருமான நான்சி வார்ட் என்னும் பெண்மணி. அவரைத் துரோகி என நான் சொல்லமாட்டேன். போரின் விளைவை அவர் அஞ்சினார். அந்த அச்சம் மெய்யாயிற்று. வேர்ஜீனியா, கரோலினாப் படைகள் ஊர்களையும் சோளத்தையும் எரித்தன. 1777 இல் முதியோர் மேலும் நிலங்கொடுத்துச் சமாதானம் பெற்றனர்.

அதற்கு இணங்காதோர் சியு கன்சினியுடன் சிக்கமோகா ஓடைக்கரைக்குப் பெயர்ந்தனர். 1779 இல் அவ்வூர்களும் எரிக்கப்படவே, பின்னர் டெனசி ஆற்றின் கீழ்ப்பகுதியிற் புது ஊர்கள் கண்டனர். அயற்குலங்களோடு நட்புக்கொண்டு போரைத் தொடர்ந்த அத்தலைவர் 1792 இல் இறந்தார். 1794 செப்ரெம்பரில் நிக்கஜாக் அழிக்கப்பட்டது. நவம்பரில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

ஹென்டர்சனின் விற்பனை என்னவாயிற்றென்று கேட்பீர்கள். கென்டக்கிப் பகுதியில் அது செல்லாதென 1778 இல் வேர்ஜீனியா தீர்த்தது. நட்டஈடாக அவரது கம்பனிக்கு 2 இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டது. விற்றவர்களுக்கு நிலம் திரும்பவில்லை.