புள்ளிக்கும் ஓர் ஆணி

(பெயர்ப்பலகைத் தொழிலர் அரங்கில் ஆற்றிய உரை)

பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்று நாம் மேடைதோறும் முழங்கியிருக்கின்றோம். தமிழ்நாட்டில் சட்டமும் அதனையே சொல்கின்றது. 1948ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிகளின் 15ஆம் விதி, பலகையில் தமிழ் இருக்கவேண்டும். பிறமொழி இடம்பெறுமாயின் அது தமிழுக்குக் கீழேயே நிற்கவேண்டும். தமிழுக்கே மிகுந்த இடம் தரவேண்டும் என்கின்றது. நன்று! ஆயின், அவ்வாறு சுவரேறிய தமிழ் சில ஆண்டுகள் கழிந்த பின்னும் பிழையின்றி நிற்கின்றதா? அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

பித்தளையிலோ கறைபடா எஃகிலோ மெல்லிய தகட்டை வெட்டி, சுவரினின்று சற்றே எழும்பி நிற்குமாறு பொருத்திய எழுத்துகள் இன்று எங்கும் உள. முகத்தில் ஆணித்தலை தெரியாது. பிடிப்பெல்லாம் பின்னே மறைந்திருக்கும். வெயில் விழுந்தால் எழுத்தின் நிழலும் சுவரில் எழுதும். காண அழகுதான். ஆனால் இவ்வெழுத்துகளில் முதலில் விழுவது எது? புள்ளி! ‘பல் மருத்துவமனை’ புள்ளியிழந்து ‘பல மருத்துவமனை’ ஆகின்றது. ‘அச்சகம்’ ‘அசசகம’ என்று நாக்குழறுகின்றது. வைத்தவன் தமிழில்தான் வைத்தான், நிற்பதோ தமிழன்று!

இதற்குக் கரணியம் என்ன? ஆங்கிலப் பெரிய எழுத்து 26இல் ஒன்றிற்கேனும் தனித்துண்டு கிடையாது. ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஐந்து துண்டு, கணக்கு முடிந்தது. நம் எழுத்தோ அத்தகையதன்று. ‘தமிழ்க் கழகம்’ என்பதில் எழுத்து 8. வெட்டியெடுக்கும் துண்டோ 11. மூன்று மெய்க்கும் மூன்று புள்ளி. இன்றைய அச்சு வடிவில், மெய் 18உம் உயிர்மெய்யில் 126உம், ஆக 144 எழுத்துகள், ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளால் ஆனவை. காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியே நிற்பவை. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய ணா, லை, றோ முதலான 13 எழுத்துகளும் ஒவ்வொரு துண்டு கூடின. எழுதுவோர்க்கு எளிமை வந்தது. பொருத்துவோர்க்கு வேலை கூடிற்று. இதனை எண்ணாமல், உடலுக்கு மட்டும் ஆணி வைத்துவிட்டுப் புள்ளியைப் பசைத்துளியில் ஒட்டிச் செல்வதே கேட்டின் வேர்.

புள்ளியை இழப்பது நமக்குப் புதிதன்று. மெய்யெழுத்தின் இயல்பே புள்ளி பெற்று நிற்றல் என்று தொல்காப்பியம் வரையறுத்தது. ஆயினும் எழுத்தாணி ஓலையைக் கிழிக்கும் என்று சுவடி எழுதினோர் புள்ளியை விட்டனர். கல்வெட்டுகள் பலவற்றிலும் புள்ளி இல்லை. பின்வந்தோர் மெய்யோ உயிர்மெய்யோ என்று இடமறிந்து உய்த்துணர வேண்டியதாயிற்று. அன்று ஆணியால் போன புள்ளி, இன்று ஆணி இல்லாமையால் போகலாமா?

இனிச் செய்முறைக்கு வருவோம். தடித்த வார்ப்பெழுத்தாயின் பின்புறம் துளையிட்டுப் புரி வெட்டி முளையாணியைத் திருகிவிடலாம். 3 மி.மீ. தகட்டில் அது செல்லாது. 4 மி.மீ. முளையாணியின் புரியிடைவெளி 0.7 மி.மீ.; முகத்தைத் துளைக்காமல் 2 மி.மீ. ஆழம் சென்றால் மூன்று புரிகூடப் பிடிக்காது. ஆகவே முளையாணியைத் தகட்டின் முதுகிலேயே பற்றவைக்க வேண்டும். மின்தேக்கியில் சேர்த்த ஆற்றலை ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கில் பாய்ச்சிப் பற்றவைக்கும் கருவி உண்டு. வெப்பம் பரவுமுன் வேலை முடிவதால் முகத்தில் வடு தோன்றாது. பித்தளைக்குப் பற்றாசும் நன்று. பற்றவைக்க இயலாத பொருளாயின், எழுத்துக்கோட்டினும் குறுகிய சிறு கட்டையில் புரித்துளையிட்டு, அதனை முதுகில் இருகலவைப் பசையால் ஒட்டி, முளையாணியை அதில் திருகுக.

எத்தனை முளை வேண்டும்? ஒரு முளையில் நிற்கும் துண்டு சுழலும், கால் சாயும், கொம்பு கவிழும். எனவே ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டேனும் வேண்டும். வட்டப் புள்ளி சுழன்றாலும் வடிவு கெடாது. அதற்கு நடுவே ஒன்று போதும். சதுரப் புள்ளிக்கு இரண்டு வேண்டும். வளையப் புள்ளிக்கு நடுவே இடமில்லை. ஆதலின் வளையத்திலேயே எதிரெதிராக இரண்டு வைக்க. ஒன்றும் வைக்க இயலாத அளவு புள்ளி சிறிதாயின், மெல்லிய பட்டையொன்றால் எழுத்தின் பின்புறத்தோடு பிணைத்து, அதற்குச் சுவரின் வண்ணமே பூசுக, நிழலில் மறைந்துவிடும்.

பின்னர், முழுஅளவுத் தாளில் எழுத்துகளை வரிசைப்படுத்தி, முளையிடங்களைக் குறித்து, தாளை மட்டம் பார்த்துச் சுவரில் ஒட்டித் துளையிடுக. 4 மி.மீ. முளைக்கு 6 மி.மீ. துளை போதும். தூளை ஊதி நீக்குக. முதலில் பசையின்றிச் செருகி, தமிழறிந்த ஒருவரை விட்டுப் படிக்கச் செய்க! ஒற்றுப்பிழையைத் திருத்த அதுவே கடைசி வாய்ப்பு. அதன்பின் துளையில் பசையிட்டு, இடைக்குழல் மாட்டி, எழுத்தை அழுத்துக. இறுகும்வரை ஒட்டுநாடாவால் தாங்குக.

முகத்தோடு ஒட்டும் இருபுற நாடாவை மட்டும் நம்பாதீர். நாடா விடாது, சுவரின் வண்ணப்பூச்சே உரிந்து எழுத்தோடு வந்துவிடும். இரும்பு முளையும் ஆகாது. துருவேறிச் சுவரில் செங்கறை வடியும். கடற்கரை ஊர்களில் எஃகெழுத்துக்கு அதே கறைபடா எஃகில் முளை வைக்க. அலுமினியத்தோடு எஃகைச் சேர்த்தால் உப்புக்காற்றின் ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்படும்.

“தமிழென்றால் துண்டு மிகுதி, செலவு மிகுதி, ஆங்கிலத்தைப் பெரிதாக்கித் தமிழைச் சிறிதாக்குவோம்” என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அவரிடம் சினந்து பயனில்லை. கூடுவது சில முளையும் சில துளையுமே என்று கணக்கிட்டுக் காட்டுங்கள். விழுந்த புள்ளிக்காக மீண்டும் சாரங்கட்டும் செலவையும் அதனருகே எழுதிக் காட்டுங்கள்.

தோழர்களே! மொழியைக் காப்பது பேசுவோர் வேலை மட்டுமன்று. துளைப்பொறி பிடித்த உங்கள் கையிலும் அது இருக்கின்றது. அடுத்த பலகையை இறக்கி வைத்து முளைகளை எண்ணும்போது, எழுத்தை எண்ணாதீர், துண்டை எண்ணுங்கள். புள்ளிக்கும் ஓர் ஆணி வையுங்கள். நம் தெருவில் நிற்கும் தமிழ், தமிழாகவே நிற்கட்டும்!