கரையின் குரல்



கண்ணால் கண்டதைக் காத்து வைக்கப் படம் எடுக்கிறோம். காதால் கேட்டதை அத்துணை அக்கறையுடன் காத்து வைப்பதில்லை. ஓர் ஊரின் தொழிலும் விழாவும் ஒலியிலும் வாழ்கின்றன அன்றோ? ஆதலின், குறைந்த விலையில் கிடைக்கும் ஸ்டீரியோ ஒலிவாங்கி ஒன்றைத் தேர்ந்து, திறந்த வெளியில் பயன்படுத்தும் முறையை இன்று சொல்ல விழைகிறேன்.

எடுத்துக்காட்டாகப் பொம்மையார்பாளையத்தைக் கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கடலை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் அது. நம் கடற்கரைகளில் கரைவலை இழுப்போர் இரு அணிகளாகப் பிரிந்து, இரு முனைக் கயிறுகளையும் பற்றி இழுப்பர். ஒருவர் அம்பாப் பாட்டின் அடியை எடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடுவர். இடப்புறம் ஓர் அணி, வலப்புறம் ஓர் அணி, நடுவே அலை. ஒற்றை ஒலிவாங்கி இம்மூன்றையும் ஒரே இடத்தில் குவித்துவிடும்.

நமக்கு இரு செவிகள் இருப்பதன் பயன் இங்கே விளங்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒரு செவியை முன்னரும், மற்றதை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான காலம் பிந்தியும் அடைகிறது. வலிமையும் சிறிது வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டே திசையை உணர்கிறோம். ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-இல் காப்புரிமை கோரிய ஸ்டீரியோ முறைக்கும் இதுவே அடிப்படை. இரு ஒலிவாங்கிகளை ஒரே இடத்தில் குறுக்காக வைக்கும் வழியையும் அவர் காட்டினார்.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, அமைப்பு. ஒரே கூட்டினுள் இரு உணர்விகள் 90 பாகைக் கோணத்தில் குறுக்காக அமைந்திருப்பது நன்று. அத்தகைய பதிவை ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்டாலும் ஒலி கெடுவதில்லை. இரண்டாவது, உள்ளிரைச்சல். மலிவான கருவிகளில் இஃது மிகுதி. அமைதியான அறையில் பதிந்து, ஒலியைக் கூட்டிக் கேட்டால் தெரிந்துவிடும். தவிலைப் பதிவோர்க்கு இக்குறை பெரிதன்று. மெல்லிய பேச்சைப் பதிவோர்க்குப் பெரிது. மூன்றாவது, இணைப்பு. கைப்பேசியின் உருண்டைத் துளையில் ஸ்டீரியோ ஒலிவாங்கியைச் செருகினால் பொதுவாக ஒரு வழி ஒலியே பதியும். யூஎஸ்பி இணைப்பு உள்ளதையோ, தனிப் பதிவுக் கருவியையோ நாடுங்கள்.

இனி, பயன்படுத்தும் முறை. கடற்கரையில் முதற்பகை காற்று. பஞ்சுறை வீட்டிற்குள் போதும். கரையில் மயிரடர்ந்த காற்றுறை இன்றியமையாதது. கருவியைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் நிறுத்துங்கள், விரலசைவும் இரைச்சலாகும். தானே அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிட்டு, மிக உரத்த குரலும் கழித்தல் 12 டெசிபெல்லைத் தாண்டாதவாறு அளவைக் குறைத்து வையுங்கள். அளவு மீறிச் சிதைந்த ஒலியை எவராலும் முழுமையாகச் சீராக்க இயலாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது இடம். கருவியை நிறுத்துமுன் சற்று நடந்து கேளுங்கள். இரு அணிகளும் ஒத்த வலிமையுடன் கேட்கும் இடமே ஒலிவாங்கிக்கு உரிய இடம். விலை மிகுந்த கருவியைத் தவறான இடத்தில் வைப்பதைவிட, மலிவான கருவியைச் சரியான இடத்தில் வைப்பதே மேல் என்பது என் துணிபு. பாடுவோரின் இசைவைப் பெறுங்கள். பதிவின் தொடக்கத்தில் ஊரையும் நாளையும் சொல்லுங்கள். பெயரற்ற ஒலி பின்னர் எவர்க்கும் பயன்படாது.

இதில் காலந்தாழ்த்தலாகாது. கரைவலை இழுக்க அகன்ற மணற்பரப்பு வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டது. வடபாலுள்ள கரைகளைக் கடல் அரித்தது. பொம்மையார்பாளையமும் அவற்றுள் ஒன்று. மணல் குறைந்தால் வலைக்கு இடம் குறையும்; கயிற்றை இயந்திரம் இழுத்தால் பாட்டிற்கு வேலை குறையும். கரையை மீட்பது பொறியாளர்களின் கடன். அதன் குரலைக் காப்பது, ஒரு சிறு கருவியும் பொறுமையான இரு செவிகளும் உடைய மாணவர் எவராலும் இயலும்.