வாசலுக்கு ஒரு துணித் தோரணம்

நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளப் போய்வரும் பெண்கள் இருக்கிற வீட்டில், பீரோவின் ஒரு தட்டில் ரவிக்கைத் துண்டுகள் சேர்ந்துகொண்டே போகும். சில துண்டுகளுக்குப் பொருத்தமான புடவை இருக்காது. சிலவற்றைத் தைக்கக் கொடுக்க நேரம் இருக்காது. மறு வருஷம் வேறொருவர் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவோம். அவரும் இன்னொருவருக்குக் கொடுப்பார். இப்படி ஊரெல்லாம் சுற்றிவரும் அந்தத் துண்டுகளைக் கொண்டு, பண்டிகைக்குப் பண்டிகை வீட்டை அலங்கரிக்கும் பொருட்களை நம் கையாலேயே தைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேசப்போகிறேன்.

பருவம் பார்த்து வீட்டை அலங்கரிப்பது நமக்குப் பழகிய வழக்கம். மார்கழி விடியலில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்போம். போகியன்று கொங்கு நாட்டு வீடுகளில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலை எல்லாவற்றையும் சேர்த்துக் கூரையில் செருகிக் காப்புக் கட்டுவார்கள். மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை. சித்திரை பிறந்தால் மாவிலைத் தோரணம். ஆடியில் வேப்பிலை. பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலையும் வண்ணக் குடையும். கிறிஸ்துமஸ் வந்தால் மூங்கில் சிம்பு கட்டி, வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரமும், வைக்கோல் பரப்பிய குடிலும். அந்தந்த மாதத்தில் அக்கம்பக்கத்தில் எது கிடைத்ததோ, அது வாசலுக்கு வந்தது. பண்டிகை முடிந்ததும் காய்ந்து மண்ணோடு மண்ணாகிப் போனது.

இன்று எத்தனையோ வாசல்களில் பிளாஸ்டிக் மாவிலை தொங்குகிறது. தை மாதமும் அதேதான், ஐப்பசி மாதமும் அதேதான். வெயிலில் வெளுத்து, தூசி அப்பி, நுனி ஒடிந்து, அப்படியே இருக்கிறது. பிளாஸ்டிக் கொடிகள் உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. சுற்றுச்சூழலுக்காக வந்த இந்தத் தடைகள் மிகவும் அவசியமானவை. ஆனால் என் மனத்தை உறுத்துவது இன்னொன்று. வருஷம் முழுக்க ஒரே தோரணம் தொங்குகிற வாசலுக்குப் பண்டிகை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கட்டுவதற்கு ஒரு நாள், கழற்றி வைப்பதற்கு ஒரு நாள் என்று இருந்தால்தான் அது அலங்காரம். அதை நாமே தைக்கிறோம் என்றால், பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வீட்டில் களை கட்டிவிடும்.

துணியில் தோரணமா என்று சிலர் கேட்கலாம். நம் கோயில்களில் அது காலங்காலமாக இருக்கிறது. தேரோட்டத்தின்போது தேரைச் சுற்றி உருளை வடிவில் துணித் தொங்கல்கள் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குத் தொம்பை என்று பெயர். தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிக் கைவினைஞர்கள் சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை, கறுப்புத் துணிகளில் யாளி, மயில், கிளி, அன்னம், தாமரை என்று வெட்டி, அடித்துணியின்மேல் வைத்துத் தைத்து அதை உருவாக்குகிறார்கள். மண்டபத்தின் விதானத்தில் கட்டும் அஸ்மானகிரியும், வாசலில் கட்டும் வாசமாலையும் இதே வேலைதான். ஒடிசாவில் பிப்பிலி என்ற ஊர் இந்த வெட்டி ஒட்டும் தையலுக்கே பேர்போனது. பூரி ஜகந்நாதர் ரத யாத்திரைக்கு வேண்டிய துணி விதானங்களை அந்த ஊர்க்காரர்கள் பரம்பரையாகத் தைத்துவந்திருக்கிறார்கள். குஜராத்தில் கட்ச், சௌராஷ்டிரப் பகுதிகளில் பூவேலையும் கண்ணாடி வேலையும் செய்த துணித் தோரணம் நிலைவாசலில் தொங்கும். அதன் கீழ்த் தொங்கல்கள் மாவிலை வடிவத்தில் இருக்கும். மாவிலையைத் துணியில் தைப்பது இந்த நாட்டில் பழைய கலை.

சரி, நம் வீட்டு வாசலுக்கு ஒன்று எப்படித் தைப்பது? மூன்று அடி அகல வாசலுக்கு அளவு சொல்கிறேன். பக்கத்தில் தாளும் பென்சிலும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் துணி. பருத்தியாக இருக்க வேண்டும். ரவிக்கைத் துண்டுகளில் இப்போது பாலியெஸ்டர் கலந்தவை நிறைய வருகின்றன. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கவனமாகக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கெட்டியான மணியாக நிற்கும். தேர்ந்தெடுத்த துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். சுருங்குவது, சாயம் போவது எல்லாம் பெரும்பாலும் அப்போதே முடிந்துவிடும். இதைச் செய்யாமல் தைத்தால், முதல் துவையலிலேயே இலைகள் கோணிக்கொள்ளும்.

அடுத்து, மரத்திலிருந்து நல்ல மாவிலை ஒன்றைப் பறித்துவந்து அட்டையின்மேல் வைத்து வரைந்துகொள்ளுங்கள். தைத்து முடித்தபின் இலை 6 அங்குல நீளமும் நடுவில் 2 அங்குல அகலமும் இருந்தால் வாசலுக்கு எடுப்பாக இருக்கும். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு அட்டையை வெட்டுங்கள். காம்புப் பக்கத்தைக் கூராக்காமல், ஒன்றரை அங்குல அகலத்தில் நேராக வெட்டிவிடுங்கள். அந்தப் பக்கம் வழியாகத்தான் இலையைத் திருப்பப்போகிறோம். ஒரு தோரணத்துக்கு 13 இலை. ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று மொத்தம் 26 துண்டுகள். அரை மீட்டர் துணியில் இத்தனையும் வந்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா இலையையும் ஒரே பச்சையில் வெட்டாதீர்கள். கடும்பச்சை, இளம்பச்சை இரண்டும் கலந்து இருக்கட்டும். இரண்டு மூன்று இலைகளை மாந்தளிர் நிறத்தில், அதாவது செம்பும் இளஞ்சிவப்பும் கலந்த அந்த நிறத்தில் வெட்டுங்கள். மாமரம் துளிர்க்கும்போது ஒரே கிளையில் இந்த நிறங்கள் எல்லாம் சேர்ந்து இருக்கும். அது தோரணத்திலும் வந்துவிட்டால், பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள்.

இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, காம்புப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் தையுங்கள். மெஷின் இருந்தால் மெஷினில். இல்லாவிட்டால் கையால் பின்தையல் போட்டால் போதும், உறுதியாக நிற்கும். நுனியில் இருக்கும் உபரித் துணியைத் தையலை ஒட்டிக் கத்தரித்துவிடுங்கள். வளைவு வருகிற இடங்களில் தையலைத் தொடாமல் அங்கங்கே சின்னதாக வெட்டு கொடுங்கள். அப்போதுதான் திருப்பும்போது சுருக்கம் விழாது. முனை மழுங்கிய பென்சிலை உள்ளே விட்டு நுனியை மெல்லத் தள்ளித் திருப்புங்கள். இஸ்திரி போட்டபின், மஞ்சள் நூலால் நடுநரம்பையும் பக்க நரம்புகளையும் ஓட்டுத் தையலில் போடுங்கள். சாதாரணத் துணித்துண்டு, அந்த நரம்பு விழுந்ததும் இலையாகிவிடும். இந்த வேலையிலேயே மனத்துக்கு மிகவும் நிறைவான இடம் இதுதான்.

பிறகு மேல் நாடா. 42 அங்குல நீளம், 3 அங்குல அகலத்தில் மஞ்சளோ சிவப்போ ஒரு பட்டி வெட்டுங்கள். இரண்டு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, மறுபடி ஒருமுறை மடித்தால் முக்கால் அங்குலப் பட்டியாகும். இருபுறமும் 2 அங்குலம் விட்டுவிட்டு, இலைகளின் அகலமான நடுப்பகுதிகளுக்கு இடையே ஒரு அங்குலம் இடைவெளி வரும்படி, காம்புப் பக்கங்களை அந்த மடிப்புக்குள் செருகிக்கொண்டே போய் ஒரே ஓட்டமாகத் தையுங்கள். இரு முனைகளிலும் காது மடித்துத் தைத்துவிட்டால் ஆணியில் மாட்டலாம்.

இலைகளுக்கு நடுவே பூ வேண்டுமா? 18 அங்குல நீளம், 2 அங்குல அகலத்தில் மஞ்சள் துணி எடுத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, பிரியும் ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுங்கள். துணி கொசுவிக்கொண்டு வரும். அதைச் சுருட்டி அடியில் இரண்டு தையல் போட்டால் சாமந்திப் பூ.

நவராத்திரிக்கு வருவோம். கொலுவில் எத்தனை பொம்மை இருந்தாலும் மரப்பாச்சித் தம்பதிக்குத்தான் முதல் இடம். பிறந்த வீட்டிலிருந்து சீதனமாக வந்த செஞ்சந்தன மரப்பாச்சிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற வீடுகள் உண்டு. அவர்களுக்கு வருஷா வருஷம் புது உடுப்பு போட வேண்டும். பழைய பட்டுப் புடவை மடிப்புகளில் கீறிப்போயிருந்தாலும், கரையை ஒட்டிய பகுதி கெட்டியாகவே இருக்கும். ஒரு சாண் உயரப் பொம்மைக்கு 16 அங்குல நீளம், 6 அங்குல அகலம் போதும். ஜரிகை கீழே வருகிற மாதிரி வைத்து, மேல் ஓரத்தை அரை அங்குலம் மடித்துத் தைத்து, உள்ளே கெட்டி நூலைக் கோத்து இழுத்தால் கொசுவம் வைத்த பாவாடை தயார். ஆண் பொம்மைக்கு வேட்டி, அங்கவஸ்திரம், தலைப்பாகை. பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். மரத்தில் கறை பிடிக்கும், அடுத்த வருஷம் கழற்றவும் முடியாது. ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு ஊசி நூல் பழக்க இதைவிட நல்ல வேலை கிடையாது. அளவு சின்னது, ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும், முடித்ததை ஒன்பது நாளும் வருகிறவர்களிடம் காட்டலாம்.

மற்ற பண்டிகைகளுக்கும் கை தானே வழி சொல்லும். தீபாவளிக்கு அகல் விளக்கு வடிவில் துணியை வெட்டி, ஓரத்தில் காஜா எடுப்பதுபோல நெருக்கமாகத் தைத்து ஒரு திரைச்சீலை போடலாம். கிறிஸ்துமஸுக்குச் சிவப்பிலும் பச்சையிலும் ஐந்து முனை நட்சத்திரங்கள் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து ஜன்னலில் தொங்கவிடலாம். பொங்கலுக்குக் கரும்பும் பானையும் வைத்துத் தைத்த சீலையைக் கூடத்துச் சுவரில் மாட்டலாம்.

தைத்ததைப் பத்திரப்படுத்தும் விதமும் முக்கியம். பண்டிகை முடிந்ததும் தூசி தட்டி, தேவைப்பட்டால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஈரம் சொட்டுக்கூட இருக்கக் கூடாது. பழைய வேட்டியில் தைத்த பையில் போட்டு, ஒரு துண்டு வசம்போ நன்றாகக் காய்ந்த வேப்பிலையோ வைத்துவிட்டால் பூச்சி அண்டாது. பட்டும் ஜரிகையும் தனியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

துணி மாவிலை வந்துவிட்டதால் பச்சை மாவிலை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நல்ல நாளன்று மரத்து இலை வாசலில் இருக்கட்டும். இரண்டு நாளில் வாடியதும் அதை எடுத்துவிட்டு, அந்தப் பருவம் முடியும்வரை நீங்கள் தைத்த தோரணம் தொங்கட்டும். விரட்டப்பட வேண்டியது பிளாஸ்டிக் இலைதான்.

தையல் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓட்டுத் தையலும் பின்தையலும் தெரிந்தால் நான் சொன்னவற்றில் பெரும்பாலானதைத் தைத்துவிடலாம். வீட்டில் பாட்டி இருந்தால், அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் பழகிய கை அவருக்கு இன்னும் மறந்திருக்காது. ஆண்கள் ஒதுங்கி நிற்க வேண்டாம். தேருக்குத் தொம்பை தைப்பவர்களில் ஆண்களும் இருக்கிறார்கள். அப்பா இலை வெட்டட்டும், அம்மா தைக்கட்டும், பிள்ளைகள் நரம்பு போடட்டும். கோணலாக வந்த இலையையும் சேர்த்தே கட்டுங்கள்.

அடுத்த பண்டிகை எதுவாக இருந்தாலும் சரி, அதற்கு இரண்டு வாரம் முன்னால் பீரோவைத் திறந்து ஒரு ரவிக்கைத் துண்டை வெளியே எடுங்கள். முதல் இலையை வெட்டிவிடுங்கள், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும்.