மாட்டுங்காவின் காப்பிக் கடைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியம் பேசுதற்குப் புலவர்கள் இருக்கின்றனர். இசை பேசுதற்கு வித்துவான்கள் இருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எங்களைப் போன்றோர் உரிமையோடு பேசத்தக்க பொருள் ஒன்றே ஒன்றுதான். அது காப்பிக் கடை. எதைப் பற்றி வேண்டுமாயினும் பேசலாம் என்று செயலாளர் அவர்கள் இசைவு தந்தமையால் அதனையே எடுத்துக்கொண்டோம்.

நல்ல காப்பி நம் வீட்டிலேயே கிடைக்கும். மாட்டுங்காச் சந்தைப் பக்கம் சென்றால், பீபெரியா பிளாண்டேஷனா, சிக்கரி எவ்வளவு என்றெல்லாம் கேட்டு, நம் விருப்பப்படி அரைத்துக் கட்டித் தருகின்றனர். அத்தூளைப் பில்டரில் இட்டு, கொதிநீர் ஊற்றி, டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை பொறுமையோடு காத்திருந்து கலக்கும் நம் வீட்டுப் பெண்மணிகளின் கைப்பக்குவத்திற்கு எந்தக் கடையும் ஈடன்று. இதனைச் சொல்லாமல் விட்டால் இன்றிரவு வீடு திரும்புவது கடினம்! இருந்தும், காலையில் வேலைக்குப் போகும் வழியில் கடையில் ஏறி ஒரு தம்ளர் குடித்தாலன்றிப் பொழுது விடிந்ததாகத் தோன்றுவதில்லை. காரணம் என்ன?

வாடிக்கைக்காரராயிருப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. நாம் படியேறும்போதே பரிமாறுகிறவர் நம்மைப் பார்த்துவிடுகிறார். 'என்ன வேண்டும்?' என்று அவர் கேட்பதுமில்லை, நாம் சொல்வதுமில்லை. 'ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி' என்று உள்ளே குரல் போகிறது. டபராவும் தம்ளருமாக மேசைமீது வந்துவிடுகிறது. எதிரில் முன்பின் அறியாதவர் ஒருவர் அமர்ந்திருப்பார். செய்தித்தாளின் நடுப்பக்கம் அவர் கையிலும் முதற்பக்கம் நம் கையிலுமாகப் பிரியும். சண்முகானந்தாவில் நேற்றுப் பாடியவரின் தோடி, அடுத்த கட்டடத்துப் பெண்ணின் கலியாணம், இடமாறுதல் உத்தரவு, வண்டித் தாமதம் எனப் பத்து நிமிடத்தில் பத்துச் செய்திகள். மழை வலுக்கும் நாளில் கிங்ஸ் சர்க்கிளில் முழங்காலளவு நீர் நின்றாலும், வேட்டியையோ கால்சட்டையையோ மடித்துக்கொண்டு வந்து சேர்கிறவர்கள் உண்டு. இருநாள் வராவிட்டால், 'உடம்புக்கு என்ன சார்?' என்று கேட்கிறார்கள். இலட்சோபலட்சம் பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடும் இந்நகரத்தில், நாம் வராததைக் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பது சிறிய செய்தியன்று.

நம் முந்திய தலைமுறையினர் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வந்து இறங்கியபோது, ஓர் அறையில் நால்வரும் ஐவருமாகத் தங்கினர். அவ்வறையில் படுக்க இடமுண்டு. அமர்ந்து பேச இடமில்லை. ஊரில் திண்ணை செய்த வேலையை இங்கே காப்பிக் கடையின் மேசை செய்தது.

அம்மேசையை இட்டவர்கள் யார்? நம் கடை, நம் காப்பி என்று பெருமை பேசுகிறோம். ஆயினும் மாட்டுங்காவின் பெயர்பெற்ற கடைகளுட் பலவற்றைத் தொடங்கியவர்கள் கன்னட நாட்டுக் கடற்கரையினின்று வந்தவர்கள். இளம்வயதில் ஊரைவிட்டு வந்து, சமையற்கூடத்தில் ஏவல் வேலை செய்து முன்னுக்கு வந்த ராம நாயக் அவர்கள், 1936இல் 'கபே மைசூர்' தொடங்கினார். 1942இல் ரயில் நிலையத்தை அடுத்து 'உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்' தொடங்கினார். இடையில் 1939இல் 'ராம் ஆஸ்ரய'வும், 1940இல் 'கபே மெட்ராஸ்'உம் தோன்றின. தமிழரின் நாவறிந்து சாம்பாரும் ரசமும் சமைத்துத் தந்தவர்கள் துளுவும் கன்னடமும் கொங்கணியும் பேசியவர்கள். பகலெல்லாம் மேசை துடைத்து, இரவில் கன்னட இராப்பள்ளிகளில் படித்து முன்னேறிய சிறுவர்கள் பலர். நம் காலைப் பொழுதின் இன்பம் அவர்கள் உழைப்பில் விளைந்தது.

அதே 1936இல் சர்ச்கேட்டில் முதலாவது 'இந்தியா காப்பி ஹவுஸ்' திறக்கப்பட்டது. காப்பிக்கு நம் நாட்டிலேயே சந்தை தேடும்பொருட்டு, காப்பித் தீர்வைக் குழு அதனை நிறுவிற்று. அத்தகைய கடைகள் பல ஊர்களிலும் பெருகின. பின்னர்க் காப்பி வாரியம் அவற்றை மூட முற்பட்டபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ. கே. கோபாலன் அவர்களின் துணைகொண்டு கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957 முதல் கடைகளைத் தாமே நடத்தலாயினர். தட்டு ஏந்தியவரே முதலாளியும் ஆன கதை அது.

இனி, நாங்கள் சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம். காப்பிக் கடையின் இன்பங்களுள் தலையாயது எது? மணமா? நுரையா? எங்களைக் கேட்டால், நமக்கு வரும் தம்ளரில் நமக்கு முன் குடித்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லையே, அதுதான் தலையாய இன்பம் என்போம்.

இது தானாக வந்த வழக்கமன்று. எங்கள் ரயில்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாட்டு ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு வேறிடம் என்றிருந்தது. ஒரே வண்டியில், ஒரே கட்டணம் கொடுத்து வந்தவர்கள் காப்பி குடிக்க இரண்டு இடம்! பெரியார் ஈ. வெ. ரா. முதலியோர் இடைவிடாது கிளர்ந்ததன் பயனாக 1941இல் அப்பிரிவினை நீங்கிற்று. ஊர்ப்புறத்துத் தேநீர்க் கடைகளில் 'இரட்டைக் குவளை' என்னும் கொடுமை அதற்குப் பின்னும் நீடித்தது. ஒரு சாரார்க்குக் கண்ணாடித் தம்ளர். மற்றொரு சாரார்க்குத் தனிக் குவளை. அதுவும் இல்லையேல் சிரட்டை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடையிலும் பொது உணவு விடுதியிலும் சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், விடுதியின் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கிற்று. ஒரு தம்ளருக்காகப் பாராளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது!

தாராவித் தமிழருள் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையினின்று வந்தவர்களின் வழித்தோன்றல்கள். முன்னோர் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். அக்குவளையையும் சிரட்டையையும் ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்களுள் எத்தனையோ பேர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மாட்டுங்காவில் எங்கள் எதிரில் அமர்ந்து அதே தம்ளரில் காப்பி குடிக்கிறார்கள். பில்லை யார் கொடுப்பது என்று எங்களோடு மல்லுக்கு நிற்கிறார்கள். மும்பை மாநகர் குற்றமற்றது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1966க்குப் பிந்திய சில ஆண்டுகளில் தென்னாட்டார்க்கு எதிராக இங்கே கிளர்ச்சி மூண்டபோது உடுப்பி ஓட்டல்களும் தாக்குதலுக்கு உள்ளாயின. ஆனால் இன்று ஞாயிறு காலையில் கபே மெட்ராஸ் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்போரைப் பாருங்கள். மராத்தியரும் குஜராத்தியரும் சிந்தியரும் நம்மோடு வரிசையில் நிற்கின்றனர். ஒரே மேசையில் அமர்ந்து உண்டவர்களிடையே பகைமை நெடுநாள் நிலைப்பதில்லை போலும்!

தாய்மார்களே, பெரியோர்களே! கடையில் நாம் கற்ற பாடம் வீட்டிற்குள் வந்ததா? நம் காலனி வீடுகள் சிலவற்றில், பாத்திரம் துலக்க வரும் பெண்மணிக்கென்று தனியே ஒரு தம்ளர் சமையலறைச் சன்னலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. நம் தம்ளர்கள் அனைத்தையும் விளக்கி வைப்பது அவர் கை. அவர் வாய் மட்டும் அவற்றுள் ஒன்றிலும் படலாகாது என்பது என்ன நியாயம்? ஊர் பேர் தெரியாதவர் குடித்த தம்ளரில் கடையில் மகிழ்ந்து குடிக்கும் நாம், நாள்தோறும் நம் வீட்டில் உழைப்பவரோடு ஒரு தம்ளரைப் பகிர்ந்துகொள்ளத் தயங்கலாமா? சட்டம் கடை வாசலோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் நம் மனம்தான் செல்ல வேண்டும்.

கைப்பேசியில் கட்டளையிட்டால் வீட்டு வாசலுக்கே இட்டிலி வந்துவிடும் காலம் இது. வசதிதான், மறுக்கவில்லை. ஆயினும் பிள்ளைகளை மாதம் ஒருமுறையேனும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அறியாதவர்க்கு நகர்ந்து இடங்கொடுக்கும் பழக்கத்தை அங்கே அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். பரிமாறுகிறவரின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி அழைக்கக் கற்றுக்கொடுங்கள். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இளைஞரைக் கண்டால், இன்னார் மகனா, எந்தத் தெரு என்று ஆராயாமல், 'வாருங்கள், ஒரு காப்பி சாப்பிடலாம்' என்று அழையுங்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று மூன்று இடத்துத் தமிழர்களையும் ஒன்றுகூட்டச் சங்கம் எடுக்கும் முயற்சிகளுக்கு அந்த ஒரு காப்பி பெருந்துணையாகும்.

விழா முடிந்ததும் பின்கட்டில் காப்பி தயாராயிருக்கிறது என்று அறிகிறோம். ஆறிப்போகுமுன் எங்கள் உரையை நிறுத்திக்கொள்கிறோம்.